ஏட்டில் ஏறாத வரி

(ஆஸ்திரேலியாவின் சிட்னியிலுள்ள மெரிலேண்ட்ஸில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேர்தல் வந்துவிட்டால் மேஸ் ஹில் முருகன் கோயில் மண்டபத்தில் தொடங்கி வென்ட்வொர்த்வில் கடைவாசல் வரை நம்மவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் நடக்கும். லேபர் வந்தால் செலவு கூடும், வரி ஏறும். லிபரல் வந்தால் கை இறுகும், வரி இறங்கும். லேபருக்கு எதிராக வாக்களிப்பவர் இதைக் குற்றமாகச் சொல்கிறார். லேபருக்கு வாக்களிப்பவரும் மறுப்பதில்லை. ஏழை எளியவருக்குச் செலவழிப்பது நல்லதுதானே என்கிறார். ஆக, இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மையாக இது உலவுகிறது. ஐம்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்கவில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. அரசு வாங்கும் வரியின் மொத்தமும் செய்யும் செலவின் மொத்தமும் பெரும்பாலும் காலத்தின் போக்கில் ஏறி இறங்குகின்றன. கட்சிகளின் கைவரிசை தெரிவது வேறு இரண்டு இடங்களில்: பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதில் ஒன்று, அதை எவ்வளவு வெளிச்சத்தில் செய்கிறார்கள் என்பதில் மற்றொன்று. இந்த இரண்டாவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அதனால் அதைப் பற்றித்தான் இன்று அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது வெறும் கட்டுக்கதை அல்ல. 23 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த லேபர், கஃப் விட்லம் தலைமையில் 1972 டிசம்பரில் ஆட்சியைப் பிடித்தது. பல்கலைக்கழகக் கட்டணத்தை நீக்கியது. இன்றைய மெடிகேருக்கு முன்னோடியான மெடிபேங்க் மருத்துவக் காப்பீட்டை 1975இல் தொடங்கியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 19 விழுக்காட்டை ஒட்டியிருந்த மத்திய அரசின் செலவு மூன்றே ஆண்டுகளில் 24 விழுக்காட்டைத் தொட்டது. லேபர் என்றால் செலவு என்ற முத்திரை அன்று விழுந்தது. அன்றைய நிலையில் அது நியாயமான முத்திரைதான். ஆனால் அதற்குப் பின் நடந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. செலவை வெட்டுவேன் என்று சொல்லி வந்த லிபரல் தலைவர் மால்கம் ஃப்ரேசர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். 1983 மார்ச்சில் அவர் இறங்கியபோது செலவின் விகிதம் அவர் பொறுப்பேற்றபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கவில்லை, உயர்ந்திருந்தது. 1977 தேர்தலில் கை நிறைய டாலர் நோட்டைக் காட்டி விளம்பரம் செய்து வரிக்குறைப்பை வாக்களித்த அதே அரசு, 1978 ஆகஸ்ட் பட்ஜெட்டில் வருமான வரியின் மேல் ஒரு கூடுதல் வரியைப் போட்டது.

இதற்கு நேர்மாறானது அடுத்து வந்த பாப் ஹோக், பால் கீட்டிங் காலம். 1984 தேர்தலில் ஹோக் மூன்று உறுதிகளைக் கொடுத்தார். வரியின் விகிதம் உயராது, செலவின் விகிதம் உயராது, பற்றாக்குறை குறையும் என்பவை அவை. 27 விழுக்காட்டைத் தாண்டியிருந்த செலவு 1989–90இல் 23 விழுக்காட்டுக்கு அருகில் வந்து நின்றது. பெருந்தொற்றுக்காலச் செலவு வடிந்ததை விட்டுவிட்டால், இந்த அரை நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய செலவுக் குறைப்பு அதுதான். செய்தது லேபர். எப்படிச் செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்குச் சொத்து வரம்பு வைத்தது. குடும்ப உதவித்தொகைக்கு வருமான வரம்பு வைத்தது. விட்லம் இலவசமாக்கிய பல்கலைக்கழகக் கல்விக்கு 1989இல் ஹெக்ஸ் என்ற பெயரில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. வருமான வரியின் உச்ச விகிதத்தை 60 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 47க்கு இறக்கியது. அதே கையோடு, சொத்து விற்ற லாபத்துக்கும், நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கும் சலுகைகளுக்கும் புதிதாக வரி போட்டது. இதில் எது இடதுசாரி, எது வலதுசாரி என்று பிரித்துப் பார்த்தால் கை களைத்துப் போகும். எண்பதுகளின் பிற்பாதியில் பொருளாதாரம் நன்றாக வளர்ந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

1996இல் வந்த ஜான் ஹோவர்ட் – பீட்டர் காஸ்டெல்லோ லிபரல் ஆட்சி சிக்கனத்துக்குப் பேர்போனது. 12 பட்ஜெட்டுகளில் பத்தில் உபரி காட்டியது. 2006இல் மத்திய அரசின் நிகரக் கடனை அடைத்து முடித்தது. இவை பெரிய சாதனைகள். ஆனால் அதே ஏட்டின் மறுபக்கத்தில், தேசிய உற்பத்தியில் 24 விழுக்காட்டைத் தாண்டிய வரி வசூலும் இருக்கிறது. இந்த அரை நூற்றாண்டில் எந்த லேபர் அரசும் அந்த உயரத்தை எட்டவில்லை. 2003இலிருந்து ஐந்து பட்ஜெட்டுகளில் தொடர்ந்து வருமான வரியைக் குறைத்தும் வசூல் அங்கே நின்றது என்பதைக் கவனியுங்கள். சீனா வாங்கிய இரும்புத்தாதும் நிலக்கரியும் நிறுவன வரியாக வந்து குவிந்தன. இன்னொன்றும் உண்டு. 2000 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்த 10 விழுக்காடு ஜி.எஸ்.டி.யை மாநிலங்களின் வரி என்று சொல்லி, மத்திய வரிக் கணக்கில் சேர்க்காமலே பட்ஜெட் அச்சிட்டது அந்த அரசு. நாட்டின் புள்ளிவிவரத் துறையும் தலைமைத் தணிக்கையாளரும் அதை ஏற்கவில்லை. சட்டம் போட்டது மத்திய அரசு, வசூலித்தது மத்திய அரசு. பெயர் மட்டும் மாநிலத்துக்கு. நான் சொல்லும் வெளிச்சம், மறைவு என்பதற்கு இது முதல் சான்று.

அடுத்த ஆட்சிகளை விரைவாகக் கடக்கிறேன். 2008 உலக நிதி நெருக்கடியில் கெவின் ரட் அரசு முதலில் 10.4 பில்லியன், பிறகு 42 பில்லியன் டாலர் என்று ஊக்கத் திட்டங்களை அறிவித்தது. செலவு 26 விழுக்காட்டை எட்டியது. ஆனால் வரி வசூலோ 2010–11இல் 20 விழுக்காட்டை ஒட்டி விழுந்தது. அண்மைப் பல பத்தாண்டுகளில் மிகக் குறைந்த வரி விகிதங்களில் ஒன்று லேபர் ஆட்சியில் வந்தது! லேபர் விரும்பிச் செய்ததல்ல. நிறுவனங்கள் நட்டப்பட்டதால் வந்தது. 2013இல் கடனைக் குறைப்பதாகச் சொல்லி வந்த லிபரல்–நேஷனல் கூட்டணி ஆட்சியில், பெருந்தொற்று வருமுன்பே, 2019 நடுப்பகுதிக்குள் நிகரக் கடன் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. பிறகு பெருந்தொற்றுக் காலத்து ஜாப்கீப்பர் சம்பள மானியம் ஒன்றுக்கே 89 பில்லியன் டாலர் அளவில் போனது. 2020–21இல் செலவு 31 விழுக்காட்டைத் தாண்டியது. 2007–08க்குப் பின் முதல் உபரியைக் காட்டியவர் லேபரின் ஜிம் சால்மர்ஸ். 2022–23இல் 22.1 பில்லியன், அடுத்த ஆண்டு 15.8 பில்லியன். அதற்கும் தாதுப்பொருள் விலையும் வேலைவாய்ப்பும் பெரிய காரணம். அதற்கடுத்த ஆண்டே மறுபடி பற்றாக்குறை.

இங்கே ஒருவர் எழுந்து மறுக்கலாம். விகிதங்களை வைத்து நீங்கள் வாதாடுவது சரியல்ல, ஹோவர்டுக்குச் சுரங்க யோகம் அடித்தது, ஸ்காட் மாரிசனுக்குப் பெருந்தொற்று வந்தது, ரட்டுக்கு நெருக்கடி வந்தது. காலம் செய்ததைக் கட்சிக் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். அந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். என் வாதமே அதுதான். காலம் செய்ததைக் கட்சிக் கணக்கில் எழுதக் கூடாது என்றால், கடன் அடைத்தவர் ஹோவர்ட், கடன் ஏற்றியவர் ரட் என்ற கணக்கையும் அதே கண்டிப்போடு திருத்தத்தான் வேண்டும். 2014 பட்ஜெட்டில் கூட்டணியின் கருவூல அமைச்சர் ஜோ ஹாக்கி கொண்டுவந்த வெட்டுகளை செனட் தடுத்தது, அதனால்தான் கூட்டணியால் செலவைக் குறைக்க முடியவில்லை என்பது இன்னொரு மறுப்பு. பல வெட்டுகள் தடுக்கப்பட்டன, உண்மை. மருத்துவரைப் பார்க்க ஏழு டாலர் என்ற திட்டம் அப்படித்தான் போயிற்று. ஆனால் அந்த பட்ஜெட்டிலிருந்து நிறைவேறியவற்றைப் பாருங்கள். 1,80,000 டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டுகள் 2 விழுக்காடு கூடுதல் வரி. பெட்ரோல் வரியை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தும் பழைய முறை. இரண்டும் வரி உயர்வுகள். வரியைக் குறைக்கும் கட்சி என்ற பெயருக்கு இவற்றால் எந்தக் குறையும் வரவில்லை.

இனி, மிகப் பெரிய வரி உயர்வுக்கு வருகிறேன். அதை எந்த நிதியமைச்சரும் நாடாளுமன்றத்தில் அறிவிப்பதில்லை. அதற்குச் சட்டமும் தேவையில்லை. விலைவாசியோடு சம்பளம் ஏறுகிறது. வரிப்படிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கையில் கணக்குப் போட்டே பார்ப்போம். 2024 ஜூலையில் அமலான விகிதப்படி 18,200 டாலர் வரை வரி இல்லை. 45,000 வரை 16 விழுக்காடு. அதற்கு மேல் 1,35,000 வரை 30 விழுக்காடு. ஆண்டுக்கு 70,000 டாலர் வாங்கும் ஒரு கிடங்குத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். மெடிகேர் வரியை விட்டுவிட்டால் அவர் கட்டுவது 11,788 டாலர். விலைவாசி 4 விழுக்காடு ஏறுகிறது, சம்பளமும் அதே 4 விழுக்காடு ஏறி 72,800 ஆகிறது. அவரால் கடையில் கூடுதலாக ஒரு பொருளும் வாங்க முடியாது, பழைய நிலைதான். ஆனால் ஏறிய 2,800 டாலர் முழுதும் 30 விழுக்காட்டுப் படியில் விழுவதால் வரி 12,628 டாலர் ஆகிறது. வரிப்படிகளும் 4 விழுக்காடு நகர்ந்திருந்தால் அவர் கட்டியிருக்க வேண்டியது ஏறத்தாழ 12,260. மிச்சம் 368 டாலர், ஒருவரும் வாக்களிக்காத வரி உயர்வு. இது ஒரே ஆண்டின் கணக்கு. அடுத்த ஆண்டு இதன் மேல் இன்னொன்று ஏறும். வரியில்லாத 18,200 டாலர் வரம்பை 2012இல் ஜூலியா கில்லார்டின் லேபர் அரசு 6,000 டாலரிலிருந்து உயர்த்தியது. அதற்குப் பிறகு வந்த கூட்டணியின் ஒன்பது ஆண்டுகளில் அது ஒரு டாலர்கூட நகரவில்லை, 2024இல் லேபர் வரிப்படிகளை மாற்றியமைத்தபோதும் நகரவில்லை. அந்தக் காலத்தில் அரிசி, வாடகை, பெட்ரோல் எவ்வளவு நகர்ந்தன என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிச் சேரும் பணத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, தேர்தலை ஒட்டி, வரிக்குறைப்பு என்று பெயர் சூட்டித் திருப்பித் தருகிறார்கள். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்த பணத்தில் நமக்கே பிறந்தநாள் பரிசு வாங்கித் தருவது போன்றது அது. எடுத்ததற்கு ரசீது இல்லை. கொடுத்ததற்கு மட்டும் மேடை. வரிப்படிகளை விலைவாசியோடு தானாக நகர்த்தும் முறையை 1976இல் ஃப்ரேசர் அரசு கொண்டுவந்தது. அதற்காக அவரை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அதன் விலை என்னவென்று தெரிந்ததும் அதே அரசு படிப்படியாகத் தளர்த்திக் கடைசியில் கைவிட்டது. அதன் பிறகு ஆண்ட லேபரும் அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை, கூட்டணியும் கொண்டுவரவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இந்த மறைமுக உயர்வைக் கண்டிப்பதும், ஆளுங்கட்சியானதும் அதை நம்பியே பட்ஜெட் போடுவதும் இரண்டுக்கும் பழகிப்போன வழி.

கான்பெராவை விட்டு நம் வீட்டு வாசலுக்கு வருவோம். மெரிலேண்ட்ஸிலிருந்து ஹோம்புஷ் பக்கம் வேலைக்குப் போகிறவர் எம்–4இல் ஏறினால், பாரமட்டா சர்ச் தெருவைத் தாண்டியதும் டோல் தொடங்குகிறது. அந்தச் சாலையின் கதையே கட்சிகளின் வரிக் கதைதான். 1992இல் டோல் வந்தது. 1995 மாநிலத் தேர்தலில் பாப் கார் தலைமையிலான லேபர் அதை எடுத்துவிடுவதாகச் சொல்லி வென்றது, எடுக்கவில்லை. பதிலாக 1997இல், கட்டிய டோலை விண்ணப்பித்துத் திரும்பப் பெறும் திட்டத்தை வைத்தது. ஒப்பந்தக் காலம் முடிந்து 2010 பிப்ரவரியில் டோல் ஒழிந்தது. ஏழு ஆண்டு இலவசமாக ஓடினோம். சாலையை அகலப்படுத்தி, 2017 ஆகஸ்டில் மாநிலக் கூட்டணி அரசு டோலைத் திரும்பப் போட்டது. மறுநாளிலிருந்து பாரமட்டா ரோட்டில் வண்டிகள் பெருகின. இந்தச் சாலையும் அடங்கிய வெஸ்ட்கனெக்ஸ் நெடுஞ்சாலைத் திட்டத்தின் 51 விழுக்காட்டை 2018இல் 9.26 பில்லியன் டாலருக்கும், மீதியை 2021இல் 11.1 பில்லியனுக்கும் அரசு விற்றது. வாங்கிய நிறுவனக் கூட்டு 2060 வரை வசூலிக்கலாம். 2040 வரை ஆண்டுக்கு 4 விழுக்காடு அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு டோலை ஏற்றலாம். விலைவாசி 2 விழுக்காடே ஏறினாலும் டோல் 4 விழுக்காடு ஏறும். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

டோல் வரி அல்லவே, சாலையைப் பயன்படுத்துகிறவர் கொடுக்கும் கட்டணம்தானே என்பார்கள். கிழக்கே இருப்பவருக்கு அது கட்டணமாக இருக்கலாம். வீட்டு வாசலில் ரயில், பேருந்து, படகு என்று மூன்று வழி உள்ளவர் வேண்டாம் என்று சொல்ல முடியும். இரவு இரண்டு மணிக்கு முடியும் வேலைமுறைக்குப் போகும் மேற்குப் பகுதித் தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. மறுக்க முடியாத கட்டணத்தை அரசே ஒப்பந்தம் எழுதிப் பல பத்தாண்டுகளுக்கு விற்றிருக்கும்போது, அது வரியின் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மாநில அரசின் வரி அட்டவணையில் அது வராது. விற்ற பணம் வரவில் ஏறும். வசூல் தனியார் கணக்கில் போகும். வரியை உயர்த்தவில்லை என்ற சொல்லும் பொய்யாகாது. 2023இல் வந்த கிறிஸ் மின்ஸ் லேபர் அரசு 2024 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 60 டாலர் உச்சவரம்பு வைத்தது. பயனாளிகளுக்கு அது உண்மையான நிவாரணம். அந்த வரம்புக்கு மேல் போகும் தொகையோ பொதுப் பணத்திலிருந்து வருகிறது. ஆக, டோலில் ஒரு பகுதியைச் சாலையில் போகிறவரும் மற்றொரு பகுதியைப் போகாதவரும் கட்டுகிற நிலை. இந்த வழக்கில் இரு கட்சிகளுக்கும் பங்கு உண்டு, பங்கின் அளவு ஒன்றல்ல. விற்றவர்கள் மேல் என் குற்றச்சாட்டு கடுமையானது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதான், யாருக்கு வாக்களித்தால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த முடிவு தவறு. மொத்தத்தில் தெரியாத வேறுபாடு பங்கீட்டில் பளிச்சென்று தெரிகிறது. மாரிசனின் கூட்டணி அரசு சட்டமாக்கிய மூன்றாம் கட்ட வரிக்குறைப்பில் 73,000 டாலர் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 700 டாலர் கிடைக்க இருந்தது. 2,00,000 வாங்குபவருக்கு 9,075. ஆன்டனி அல்பனீசியின் லேபர் அரசு 2024 தொடக்கத்தில் அதைத் திருத்தியதும் முன்னவருக்கு 1,504 ஆயிற்று, பின்னவருக்கு 4,529. அரசின் மொத்தச் செலவு பெரிதாக மாறவில்லை. பணம் போன கைகள் மாறின. தேர்தலில் அந்தத் திட்டத்தைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டது வாக்குத் தவறல்தான். பலன் நல்லது என்பதால் அந்தத் தவறல் இல்லையென்று ஆகிவிடாது. மறுபக்கம், சொத்து விற்ற லாபத்தில் பாதிக்கு வரி விலக்கு 1999இல் ஹோவர்ட் தந்தது. சூப்பர் எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்புக்கான வரிச்சலுகைகளோடு சேர்த்துப் பார்த்தால், வாங்காமல் விடும் வரி ஆண்டுக்குப் பல பத்து பில்லியன். ஓய்வூதியருக்குக் கொடுத்தால் செலவு. சொத்துள்ளவரிடம் வாங்காமல் விட்டால் அது செலவுக் கணக்கில் வராது. 2019இல் லேபர் தலைவர் பில் ஷார்டன் இதை மாற்றுவேன் என்று வெளிப்படையாகச் சொல்லித் தோற்றார். லேபர் அந்தத் திட்டங்களைக் கைவிட்ட பிறகே 2022இல் ஆட்சிக்கு வந்தது. வெளிச்சத்தில் செய்பவன் தோற்பதை நாம் வாக்காளர்களாகப் பழக்கமாக்கிவிட்டோம் என்பது என் உண்மையான வருத்தம்.

வரியைக் குறைப்பவரே நல்லவர் என்று முடிவு கட்டுபவர்களுக்கு நம் ஊரை நினைவூட்ட வேண்டும். 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச அதிபர் தேர்தலில் வென்ற கையோடு இலங்கையில் வாட் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் நீங்கியது. கைதட்டல் பலமாக இருந்தது. ஏற்கெனவே குறைவாயிருந்த வருவாய், தேசிய உற்பத்தியில் 10 விழுக்காட்டுக்கும் கீழே போனது. பெருந்தொற்றும் உர இறக்குமதித் தடையும் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பித் தர முடியாதென்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற உறவினருக்கு இங்கிருந்து பணம் அனுப்பியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அதே வாட் 2024 ஜனவரியில் 18 விழுக்காடு. அநுரகுமார திசாநாயக்க ஆட்சிக்கு வந்தும் அதை இறக்க முடியவில்லை. குறைத்தபோது அதிகம் மிச்சமானது சம்பளக்காரருக்கும் நிறுவனங்களுக்கும். ஏற்றியபோது கூலிக்காரர் வாங்கும் சவர்க்காரத்திலும் சேர்ந்தே ஏறியது. குறைப்பின் பலனும் உயர்வின் வலியும் ஒரே வீட்டுக்குப் போவதில்லை.

இனி, கணக்கை வெளிச்சத்தில் வைப்பதற்கு வருவோம். தமிழ்நாட்டில் இரு கழகங்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டும், யார் கடன் எவ்வளவு என்ற சண்டை ஓயவில்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு குடும்பத்தின் மேல் 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொன்னது. நல்ல பணி, ஆனால் வந்தது தேர்தல் முடிந்த பின். ஆஸ்திரேலியாவில் அதற்கு மேலான ஏற்பாடு இருக்கிறது. 1996இல் 10 பில்லியன் டாலர் ஓட்டை தேர்தலுக்குப் பிறகு வெளிவந்ததால், காஸ்டெல்லோ 1998இல் பட்ஜெட் நேர்மைக்கான சாசனச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தேர்தலுக்கான ரிட் ஆணை பிறப்பித்த பத்து நாளுக்குள் கருவூலமும் நிதித்துறையும் நாட்டின் நிதிநிலையை வெளியிட வேண்டும். அமைச்சர் அதில் கைவைக்க முடியாது. 2012இல் கில்லார்ட் காலத்தில் எல்லாக் கட்சிகளின் திட்டங்களுக்கும் விலை கணக்கிட்டுத் தரும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் செயல்படத் தொடங்கியது. ஒன்று கூட்டணி செய்தது, மற்றொன்று லேபர் ஆட்சியில் வந்தது.

இவ்வளவும் இருந்து, 2025இல் நடந்தது இது. மார்ச் பட்ஜெட்டில் லேபர் ஒரு சிறு வரிக்குறைப்பைச் சட்டமாக்கியது. ஆட்சிக்கு வந்தால் அதை நீக்குவோம் என்று கூட்டணி சொன்னது. வரிக்குறைப்பை நீக்க வாக்குக் கேட்டது லிபரல், கொடுத்தது லேபர். முத்திரைகளை நம்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அரசின் நிதிநிலை அறிக்கை ஏப்ரல் 7 அன்று வந்தது. முன்கூட்டியே வாக்களிக்கும் நிலையங்கள் ஏப்ரல் 22 அன்று திறந்தன. லேபர் தன் திட்டங்களின் முழுச் செலவுக் கணக்கை ஏப்ரல் 28 அன்று வெளியிட்டது. கூட்டணி மே 1 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் முன்பு. அதற்குள் பல லட்சம் பேர் வாக்களித்து வீடு திரும்பிவிட்டார்கள். முன்வாக்கு தொடங்கும் நாளுக்கு முன் ஒவ்வொரு பெரிய கட்சியும் தன் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். வரிப்படிகள் நகராததால் மட்டும் அடுத்த நான்கு ஆண்டுகளில் எவ்வளவு வசூலாகும் என்பதையும் அதில் ஒரு தனி வரியாக எழுத வேண்டும். 1998 சட்டத்தில் இந்த இரண்டையும் சேர்க்க ஒரு திருத்தம் போதும். இங்கே வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்கள், எந்தக் கட்சியாயினும், அந்தத் திருத்தத்துக்குக் கை தூக்குவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிலை வாக்குப்பதிவுக்கு முன்பே நம் பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் வெளியிடுவோம்.